கிங் கொங்: யார் கண்ணால் பார்ப்பது?

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இதுவரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதற்கான தகுதி எனக்கு உண்டென்று எண்ணியதும் இல்லை. அச்சுத்தாளோடும் செய்தி முகவரகங்களின் தந்திச் செய்திகளோடும் காலத்தைக் கழித்தவன் நான். எனினும் சென்ற மாதம் வெள்ளவத்தையில் என் தங்கையின் வீட்டில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது. அங்கு மருமகன் தன் பள்ளிக்கால உடைமைகளுள் ஒன்றாகக் காத்து வைத்திருந்த பழைய பிளேஸ்ரேசன் 2 கருவியையும் ஓர் இறுவட்டையும் வெளியே எடுத்தான். 'பீற்றர் ஜாக்சனின் கிங் கொங்: திரைப்படத்தின் அதிகாரபூர்வ விளையாட்டு' என்பது அதன் நீண்ட பெயர். 2005 நவம்பரில், படம் திரைக்கு வருவதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர் அது கடைகளுக்கு வந்தது. இருபது ஆண்டுகள் பிந்தி எனக்குக் கிடைத்த 'முதற்பார்வை' இது.

விளையாட்டு ஒரு படகில் தொடங்குகிறது. கடல் கொந்தளிக்கிறது. மழை. நாம் ஜக் டிரிஸ்கல் என்ற நாடகாசிரியரின் கண்களாக இருக்கிறோம். எதிரே படப்பிடிப்பாளர் கார்ல் டென்ஹாமும் நடிகை ஆன் டரோவும் நனைந்தபடி அமர்ந்திருக்கிறார்கள். கரையில் முதலில் எதிர்ப்படுபவை இராட்சத நண்டுகள். துப்பாக்கியில் எத்தனை ரவைகள் எஞ்சியுள்ளன, என் உயிர் எவ்வளவு மிச்சம் என்று அறியத் திரையின் மூலைகளைத் துழாவினேன். அங்கே எதுவும் இல்லை.

"திரையில தேடாதையுங்கோ மாமா. ஒரு பொத்தானை அமத்துங்கோ, எத்தினை கிடக்கெண்டு அவனே வாயால சொல்லுவான்" என்றான் மருமகன்.

அப்படியே நடந்தது. காயம் பட்டால் எண் குறைவதில்லை. திரை சிவக்கிறது, ஓசைகள் மங்குகின்றன. இன்னொரு அடி விழுந்தால் சாவு. ரவை தீர்ந்துவிட்டால் நிலத்திற் கிடக்கும் எலும்பையோ ஈட்டியையோ பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஈட்டியின் நுனியில் தீ மூட்டி எறிந்தால் காய்ந்த புல் பற்றியெரியும். அதற்குள் அகப்பட்ட விலங்கும் எரியும். சிறிய பிராணியொன்றைக் கொன்று போட்டால் பெரிய பிராணிகள் நம்மை விட்டுவிட்டு அதைத் தின்னப் போகின்றன. அந்த இடைவெளியில் நாம் ஓடிவிடலாம். சினிமாவை வைத்துப் பிழைப்பதற்காக அவசரமாகச் செய்யப்படும் பொருள்களுள் ஒன்றல்ல இது என்பது முதல் அரைமணி நேரத்திலேயே விளங்கிவிட்டது.

அந்த அவசரத்துக்கு ஒரு வரலாறே உண்டு. 1982இல் அற்றாரி நிறுவனம் 'ஈ.ரி.' திரைப்படத்துக்கான விளையாட்டைச் சுமார் ஐந்து வாரங்களில் ஒரே நிரலாளரைக் கொண்டு செய்வித்தது. விற்காது எஞ்சிய பெட்டிகள் 1983இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோவில் குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தார்கள். இதை எழுதும்போது மருமகன் இன்னொன்றையும் நினைவூட்டுகிறான்: 2023இல் கொங்கை வைத்து வந்த வேறொரு விளையாட்டு, ஓராண்டளவிலேயே செய்து முடிக்கப்பட்டு, பரவலான கேலிக்கு ஆளானது.

ஜாக்சன் வேறு வழியிற் போனார். பிரான்சின் மோன்பெலியே நகரில் யூபிசொஃப்ட் கலையகத்தில் பணியாற்றிய மிஷேல் அன்செல் என்பவர் 'ரேமன்' விளையாட்டை 1995இல் படைத்துப் புகழ்பெற்றவர். அவர் 2003இல் உருவாக்கிய 'பியோண்ட் குட் அன்ட் ஈவில்' விற்பனையில் தோற்றது. ஆனால் அதைப் பார்த்த ஜாக்சனுக்கு அவர்மீது நம்பிக்கை பிறந்தது. எண்களையும் அளவுகோல்களையும் திரையிலிருந்து அகற்றிவிடும் துணிச்சல் அன்செலின் குழுவினருடையது.

சுட்டவரும் சுடப்பட்டவரும்

இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள 1933க்குப் போகவேண்டும். முதல் 'கிங் கொங்' அவ்வாண்டு மார்ச் 2ஆம் திகதி நியூயோர்க்கில் திரையிடப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தம் அடிமட்டத்தைத் தொட்டிருந்த நேரம். அதே வாரத்தில்தான் புதிதாகப் பதவியேற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் மூடும்படி ஆணையிட்டார். படத்தின் தொடக்கத்தில் நாயகி பசியால் ஓர் அப்பிள் பழத்தைத் திருட முற்படுவது வெறும் கற்பனையன்று. அரங்குக்கு வெளியே நின்றவர்களின் நிலையும் அதுதான்.

படத்தின் மூலகர்த்தா மெரியன் சி. கூப்பர். முதலாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானியாக இருந்தவர். 1918இல் அவரது விமானம் தீப்பற்றி வீழ்ந்தது. எரிகாயங்களோடு ஜேர்மனியரிடம் கைதியானார். பின்னர் போலந்துக்காகச் சோவியத் படையை எதிர்த்துப் பறந்து, 1920இல் மீண்டும் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டு, தப்பினார். அதன்பின் ஏர்னெஸ்ட் ஷூட்சாக்குடன் இணைந்து பாரசீகத்தின் பக்தியாரி மக்களின் இடப்பெயர்வை 'கிராஸ்' (1925) என்ற படமாகவும், சீயத்துக் காட்டு வாழ்க்கையை 'சாங்' (1927) என்ற படமாகவும் எடுத்தார். ஒருவரும் போகாத இடத்துக்குக் கெமராவோடு போகும் டென்ஹாம் என்ற பாத்திரம் பெருமளவுக்குக் கூப்பரேதான்.

கூப்பரின் நண்பர் டக்ளஸ் பேர்டன் 1926இல் கொமொடோ தீவுக்குச் சென்று, இரண்டு கொமொடோ உடும்புகளை உயிருடன் நியூயோர்க்கின் பிரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுவந்தார். அவை நீண்ட நாள் உயிர்வாழவில்லை. தொலைதூரத் தீவு, அங்கொரு பழம்பெரும் விலங்கு, அதைப் பிடித்துவந்து பெருநகரிற் காட்சிக்கு வைத்தல், அங்கே அது மடிதல் என்ற கதையின் எலும்புக்கூடு இங்கிருந்துதான் வந்தது.

1931 மே மாதம் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டிடம் அப்போது உலகிலேயே உயர்ந்தது. அதன் உச்சியில் நின்ற கொங்கை விமானங்கள் சுட்டு வீழ்த்துகின்றன. இறுதியாகச் சுடும் விமானத்தில் விமானியாகவும் சுடுநராகவும் தோன்றுபவர்கள் கூப்பரும் ஷூட்சாக்கும். வானிலிருந்து இருமுறை சுட்டு வீழ்த்தப்பட்ட மனிதர், தாம் படைத்த விலங்கைத் தாமே வானில் நின்று சுடுகிறார். துப்பாக்கியின் இரு முனைகளையும் அறிந்தவர் எடுத்த படம் என்பதால்தான் அந்தச் சாவு இன்றுவரை மனத்தைவிட்டு அகலாதிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த விலங்கு உண்மையில் ஒன்றரை அடி உயரமுள்ள பொம்மை. உலோக மூட்டுகளின்மேல் இறப்பரும் பஞ்சும் பொருத்தி, முயல் தோலால் போர்த்தியது. வில்லிஸ் ஓ'பிரையன் என்ற கலைஞரின் குழு அதைச் சிறிது சிறிதாக அசைத்து, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம் பிடித்தது. பொம்மையைத் தொட்ட விரல்களின் தடம் ரோமத்திற் பதிந்தது. ஓடும் படத்தில், கோபத்தால் கொங்கின் உடல் சிலிர்ப்பதுபோல் அது தெரிந்தது. ஒரு மனிதரின் விரல்கள் அந்த விலங்குக்கு உயிர்கொடுத்தன. 2005இல் அதே வேலை ஆட்டக்காரனின் விரல்களுக்கு வந்தது.

தச்சனும் குரங்கின் மகனும்

ஆனால் அதற்கு முன்னரே விரல்களுக்கும் கொங்குக்கும் ஓர் உறவு ஏற்பட்டிருந்தது. 1981இல் யப்பானின் நின்ரெண்டோ நிறுவனத்தில் இளைஞராக இருந்த ஷிகெரு மியமொட்டோ 'டொங்கி கொங்' என்ற விளையாட்டை உருவாக்கினார். பெண்ணைத் தூக்கிக்கொண்டு இரும்புச் சட்டங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது ஒரு குரங்கு. அது உருட்டிவிடும் பீப்பாக்களைத் தாண்டிக் குதித்து ஒரு தச்சன் மேலே ஏறவேண்டும். அந்தத் தச்சன்தான் பிற்காலத்தில் மரியோவாக உலகப் புகழ் பெற்றவன். நாம் மனிதன், குரங்கு எதிரி. கணக்கு எளியது.

அடுத்த ஆண்டே கணக்கு தலைகீழானது. 1982இல் வந்த 'டொங்கி கொங் ஜூனியர்' விளையாட்டில் குரங்கைக் கூண்டில் அடைத்து வைத்திருப்பவன் அதே மரியோ. தந்தையை மீட்கப்போகும் குட்டிக் குரங்காக நாம் இருக்கிறோம். ஒரே ஆண்டில் ஒரே கதையின் மறுபக்கத்துக்கு ஆட்டக்காரர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். நூறு ஆசிரிய தலையங்கங்கள் செய்ய முடியாததை ஒரு சில்லறைக்காசு செய்தது.

இவ்விடத்தில் ஒரு வழக்கையும் சொல்லாமல் விடமுடியாது. 'டொங்கி கொங்' தமது கிங் கொங்கின் திருட்டு என்று யுனிவேர்சல் நிறுவனம் 1982இல் நின்ரெண்டோவுக்கு எதிராக நியூயோர்க் நீதிமன்றத்தை நாடியது. நின்ரெண்டோவின் சட்டத்தரணி ஜோன் கேர்பி பழைய கோப்பொன்றைத் தூசு தட்டினார். 1976ஆம் ஆண்டுப் படத்துக்கான உரிமைப் போட்டியின்போது, கிங் கொங் கதை பொதுச்சொத்து என்று நீதிமன்றத்தில் வாதாடியது இதே யுனிவேர்சல்தான்! அப்போது யாருக்கும் சொந்தமில்லாத குரங்கு இப்போது எப்படி உங்களுடையதாயிற்று என்பது கேள்வி. நீதிபதி றொபேட் சுவீட் நின்ரெண்டோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1984இல் மேன்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. கொங்கைக் கட்டிவைத்துக் காசு பார்ப்பவர்கள் திரைக்கதையில் மட்டும் இருக்கவில்லை.

கொங்கின் கைகள்

இனி 2005க்குத் திரும்புவோம். ஜக்கின் கண்ணால் பயந்து பயந்து நடந்துகொண்டிருந்த என்னை, திடீரென்று ஓர் அத்தியாயம் கொங்காக்கிவிட்டது. கெமரா பின்னால் நகர, அந்தப் பெரிய முதுகு முழுவதும் தெரிகிறது. சற்று முன்னர் என்னைப் பாறை இடுக்கில் ஒளிய வைத்த இராட்சதப் பல்லியின் தாடையை இப்போது நான் பிளக்கிறேன். பொத்தானை விரைவாக அழுத்தினால் கொங் மார்பில் அறைந்து முழங்குகிறது. ஆனை இறக்கி வைத்துவிட்டுச் சண்டைக்குப் போகவேண்டும். சண்டை முடிந்ததும் மறக்காமல் தூக்கிக்கொள்ளவேண்டும். பலம் இருக்கிறது, அதோடு பொறுப்பும் இருக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். பெரிய மரக்கதவுகளைத் திறப்பதற்கான தடியைத் தேடித் திரிவது மூன்றாம் முறையிலேயே சலித்துவிடுகிறது. ஒரே வகையான பள்ளத்தாக்குகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நியூயோர்க் பகுதி மிகச் சிறியது. ஆனால் கட்டிடத்தின் உச்சிக்கு வந்தபோது இவையெல்லாம் மறந்துபோயின. விமானங்களை எட்டிப் பிடிக்கலாம், வீசி எறியலாம். ஆனாலும் அவை வந்துகொண்டேயிருக்கின்றன. எவ்வளவு திறமையாக விளையாடினாலும் கொங் விழத்தான் போகிறது. படத்தில் அதை நாம் பார்க்கிறோம். இங்கே நம் விரல்கள் மறுக்கின்றன. மறுத்தும் பயனில்லை.

1986இல் யாழ்ப்பாணத்தில், ஒரு வீட்டு முற்றத்தில், வாடகைக்கு எடுத்த டெக்கில் 1933ஆம் ஆண்டுப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். விடியும் நேரம். இரவு முழுவதும் ஓடிய தமிழ்ப் படங்களுக்குப் பின் கடைசியாக யாரோ போட்ட கசெற் அது. ஆங்கிலம் அறிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். ஆனால் விமானங்கள் வந்தபோது யாருக்கும் மொழி தேவைப்படவில்லை. "பொம்பர் வருது, இறங்கடா இறங்கு" என்று ஒரு கிழவி திரையைப் பார்த்துக் கொங்குக்குச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்நாள்களில் வானத்தில் இரைச்சல் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். கூப்பர் அமெரிக்கப் பார்வையாளருக்காக எடுத்த படத்தை, அந்த முற்றம் வேறொரு கண்ணால் பார்த்தது. ஒரு செய்தியை எங்கே நின்று சொல்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று பின்னாளில் என் தொழில் எனக்குக் கற்பித்தது. அதன் முதற்பாடத்தை அந்தக் கிழவிதான் நடத்தினார்.

மதிலுக்குப் பின்னால்

விளையாட்டு ஒரு சலுகையும் தருகிறது. கதையை முடித்தபின் மீண்டும் விளையாடிப் போதிய புள்ளிகள் சேர்த்தால் இன்னொரு முடிவு திறக்கும். அதில் ஆட்டக்காரர் ஒரு விமானத்தில் ஏறி மற்ற விமானங்களைத் தடுக்கிறார். கொங் பிழைத்துத் தன் தீவுக்கே திரும்புகிறது. எழுபத்திரண்டு ஆண்டுகளாகப் பார்வையாளர்கள் உள்ளூர விரும்பியதை அன்செலின் குழு கொடுத்துவிட்டது. மருமகன் சேமித்து வைத்திருந்த பதிவிலிருந்து அதை எனக்குக் காட்டினான். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே ஒரு நெருடலும் இருந்தது.

அந்தத் தீவு எங்கே இருக்கிறது? 1933 படத்தில் டென்ஹாம் தன் இரகசிய வரைபடத்தை வெளியே எடுக்கும்போது, கப்பலின் நிலையைத் தலைவர் எங்கள்ஹோர்ன் சொல்கிறார்: தெற்கு 2 பாகை, கிழக்கு 90 பாகை. உலகப்படத்தை விரித்துப் பார்த்தேன். இலங்கையின் தென்முனையான தெய்வேந்திர முனையிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 1350 கிலோமீற்றர். அதாவது நம்முடைய கடல். தீவுவாசிகளின் பேச்சைக் கேட்ட கப்பல் தலைவர், அது நியாஸ் தீவினரின் மொழியைப் போலிருக்கிறது என்கிறார். நியாஸ் கற்பனையல்ல. சுமாத்திராவின் மேற்குக் கரைக்கப்பால் உள்ள மெய்யான தீவு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி நம் கரைகளை அழித்த அதே ஆழிப்பேரலை அதையும் தாக்கியது. 2005 மார்ச் 28ஆம் திகதி நிகழ்ந்த பூகம்பம் அங்கே பல நூறு உயிர்களைப் பலிகொண்டது. அதே ஆண்டின் இறுதியில்தான் புதிய கொங் படமும் இந்த விளையாட்டும் வெளிவந்தன.

படத்தில் அம்மக்கள் எப்படி இருக்கிறார்கள்? பெண்களைப் பலிகொடுக்கும் காட்டுமிராண்டிகளாக. அவர்களின் தலைவராக நடித்தவர் நோபிள் ஜோன்சன் என்ற ஆபிரிக்க அமெரிக்கர். அவரும் அவருடைய சகோதரரும் 1916இல் 'லிங்கன் மோஷன் பிக்சர் கொம்பனி'யை நிறுவியவர்கள். கறுப்பின மக்களே நடத்திய தொடக்ககாலத் திரைப்பட நிறுவனங்களுள் ஒன்று அது. தம் மக்களை மானமுள்ள மனிதர்களாகத் திரையிற் காட்டவேண்டும் என்று கம்பனி தொடங்கியவருக்கு, ஹொலிவூட் கொடுத்த வேடம் இறகு சூடிய காட்டுத்தலைவன். 1933 படத்தில் கொங் மதிற்கதவை உடைத்துக்கொண்டு கிராமத்தை மிதித்து அழிக்கிறது. மரணங்களின் கோரம் கருதி அக்காட்சிகளுட் சில 1938 மறுவெளியீட்டில் தணிக்கைக்காக வெட்டப்பட்டன. பல ஆண்டுகளின் பின்னரே மீண்டும் இணைக்கப்பட்டன. கப்பல் புறப்பட்டதும் அழிந்த அந்தக் கிராமம் என்னவாயிற்று என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

2005 விளையாட்டிலும் தீவுவாசிகள் தீ மூட்டிய ஈட்டிகளை நம்மீது எறியும் எதிரிகள்தாம். நண்டைப்போல, பூரானைப்போல, கடந்து செல்லவேண்டிய ஓர் இடையூறு. 2017இல் வந்த 'கொங்: ஸ்கல் ஐலன்ட்' படம் அவர்களைக் கொடியவராக்கவில்லை. ஆனால் பேச்சையும் கொடுக்கவில்லை.

நினைத்துப் பாருங்கள். 1981இல் நாம் குரங்கை எதிர்க்கும் தச்சன். 1982இல் குரங்கின் மகன். 2005இல் ஒரே ஆட்டத்தில் வேட்டையாடப்படும் மனிதன், வேட்டையாடும் விலங்கு, மாற்று முடிவில் காப்பாற்றும் விமானத்தில் இருப்பவன். எல்லோருடைய கண்களும் நமக்குத் தரப்பட்டுவிட்டன. மதிலைக் கட்டி, அதன் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் கண்கள் மட்டும் தரப்படவில்லை. உண்மையில் அந்தத் தீவைப் பற்றி எல்லாம் அறிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. ஒரு தீவில் பிறந்து, தொலைநாட்டுச் செய்தியாளர்கள் எங்களைப் பற்றி எழுதியவற்றை நாள்தோறும் மொழிபெயர்த்துப் பக்கம் நிரப்பிய எனக்கு இது சிறிய விடயமாகத் தெரியவில்லை.

இதனால் அன்செலின் படைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எண்களை அகற்றி அச்சத்தைத் தந்தது, விலங்கின் கைகளைத் தந்து இரக்கத்தைத் தந்தது, பெரிய காரியம். கூப்பர் திறந்த கதவை அது இன்னும் அகலத் திறந்தது. அடுத்த கதவை வேறு யாராவது திறக்கவேண்டும்.

இரண்டாம் நாள் இரவு கருவியை அணைக்கப் போனபோது மருமகன் கேட்டான்: "இன்னொருக்கா முதலிலயிருந்து விளையாடுவமோ மாமா?"

"விளையாடலாம். இந்தமுறை மதிலுக்கு உள்ளுக்கிருந்து தொடங்கேலுமோ?" என்றேன்.

அவன் சிறிது நேரம் யோசித்தான். "அப்பிடி ஒரு தொடக்கம் இதில இல்லை" என்றான்.